ஊர்ப் பெயர் ஒட்டாத சோறு

பொங்கல் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்பிய முதல் நாள் அலுவலக மேசையில் இடம் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் கொண்டுவந்த பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், திருநெல்வேலி அல்வா, மணப்பாறையில் ரயில் நின்றபோது வாங்கிய முறுக்கு. எல்லோரும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு யாராவது என் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல என்ன ஃபேமஸ்?" என்பார்கள். மங்களூர் என்று சொன்னதும் கேட்டவர் முகம் மலரும். "ஓ, போண்டா!" என்பார். அது கர்நாடகத்து மங்களூர். நான் சொல்வது கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரம், விருத்தாசலம் தாண்டி, திட்டக்குடியை ஒட்டிய மங்களூர் ஒன்றியம் என்று விளக்கி முடிப்பதற்குள் அவருடைய ஆர்வம் வடிந்திருக்கும். "அப்ப அங்க ஒண்ணும் ஸ்பெஷல் கிடையாதா?"

பல வருடம் சிரித்து மழுப்பியிருக்கிறேன். இனி மழுப்புவதாக இல்லை.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது ஒருவருடைய அறியாமை என்றால் விட்டுவிடலாம். இன்று தொலைக்காட்சியும் காணொளிக்காரர்களும் அரசின் சுற்றுலாச் சுவரொட்டிகளும் ஒரே குரலில் சொல்லும் கருத்து அது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு ருசி உண்டு. அந்த ஊரின் மண்ணும் தண்ணீரும் தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவமும் சேர்ந்து ஒரு பண்டமாகத் திரண்டிருக்கிறது. அந்தப் பண்டமே ஊரின் அடையாளம் என்கிறார்கள். இதிலிருந்து வாய்விட்டுச் சொல்லாமலே இன்னொரு முடிவும் வந்துவிடுகிறது. பெயர் சொல்லப் பண்டம் இல்லாத ஊரில் சாப்பாட்டு மரபு என்று ஒன்றும் இல்லை. இந்தக் கருத்து அடியிலிருந்தே தவறு என்பது என் வாதம்.

அல்வாவிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் எதிர்த் தரப்பின் பெருமைக்குரிய சாட்சி அதுதான். தாமிரபரணிக் கரையில் விளைவது நெல்லும் வாழையும். அல்வாவுக்கு வேண்டியது கோதுமை. பெயரே அரபு மொழியிலிருந்து வந்தது. திருநெல்வேலியில் அதைக் கிண்டிப் பேர் வாங்கியவர்கள் வடக்கேயிருந்து வந்து குடியேறிய சிங் குடும்பத்தார். தென் மாவட்டங்களில் இன்றும் இனிப்புக் கடையை 'லாலா கடை' என்று சொல்கிறோமே, அந்த ஒரு சொல்லுக்குள் முழு வரலாறும் இருக்கிறது. "அதெல்லாம் சரி, தாமிரபரணித் தண்ணீர் இல்லாமல் அந்த ருசி வராது" என்பார்கள். வராமலே இருக்கட்டும். ஆனால் அந்தத் தண்ணீர் கோதுமை வருவதற்கு ஆயிரம் ஆண்டு முன்பும் அதே கரையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு பண்டத்துக்கு ருசி சேர்க்கலாம். பண்டத்தைக் கொண்டுவந்து கொடுப்பது வேறு ஏதோ. வந்தேறிய கைகள், கோயிலுக்கும் சந்தைக்கும் வந்துபோகும் கூட்டம், கையில் காசுள்ள வாடிக்கையாளர்கள். அல்வாவின் தாய் தந்தை இவர்கள்.

பேர் பெற்ற மற்றப் பண்டங்களையும் பாருங்கள். கடலைமிட்டாயின் கடலை தென் அமெரிக்கச் செடி. தூத்துக்குடி மக்ரூனில் முந்திரி, சீனி, முட்டையின் வெள்ளைக்கரு. முந்திரியைப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள், பெயரும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்தது. திண்டுக்கல் பிரியாணி என்று நாடெங்கும் பலகை தொங்குகிறதே, அந்தத் தலப்பாக்கட்டிக் கடையை நாகசாமி நாயுடு தொடங்கியது 1957-ல். என் அப்பாவின் வயதுதான் அந்த மரபுக்கு.

இதையெல்லாம் குறைத்துச் சொல்வதற்காகச் சொல்லவில்லை. அல்வா கிண்டுகிறவரின் தோள் உழைப்பை நேரில் பார்த்தவன் அதைக் குறைத்துப் பேச மாட்டான். மண்ணில் முளைத்தது என்ற கதையைத்தான் மறுக்கிறேன். இந்தப் பண்டங்கள் மண்ணில் முளைத்தவை அல்ல, வழியில் பிறந்தவை. மணப்பாறை, சாத்தூர், கோவில்பட்டி, போளிக்குப் பெயர்போன கடம்பூர், எல்லாமே ரயில் பாதையின் மேல் இருக்கின்றன. கர்நாடகத்தில் மத்தூர் வடையும் பெங்களூருக்கும் மைசூருக்கும் நடுவே ரயில் நிற்கிற இடத்தில்தான் பேர் பெற்றது. ரயில் நின்ற இடமெல்லாம் பண்டம் பிறந்தது என்றும் சொல்ல மாட்டேன். விருத்தாசலம் எத்தனை பெரிய சந்திப்பு, அதற்கென்று அப்படி ஒரு பெயர் ஏறவில்லை. ஆனால் பண்டம் பேர் பெற்ற இடங்களில் நின்று போகிற கூட்டம் ஒன்று பெரும்பாலும் இருந்திருக்கிறது. ரயில் பயணியோ, மலைக்குப் போகும் பக்தரோ, சந்தைக்கு வந்த வியாபாரியோ.

அப்படிக் கூட்டத்துக்கு விற்கிற பண்டத்துக்கு ஒரு குணம் வேண்டும். கெடக் கூடாது. அல்வா, பால்கோவா, முறுக்கு, காராசேவு, கடலைமிட்டாய், மக்ரூன், பஞ்சாமிர்தம் என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் எல்லாம் சர்க்கரையில் ஊறியவை அல்லது எண்ணெயில் பொரிந்தவை, பையில் போட்டு எடுத்துப்போகத் தோதானவை. தமிழ்நாட்டில் எந்த ஊரும் தன் கீரைக் கடைசலுக்குப் பேர் வாங்கியதில்லை. கீரை மாலைக்குள் கெட்டுப்போகும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அன்று நானும் வெறுங்கையாக வரவில்லை. என் பையில் இரண்டு படி வரகரிசி, காய்ந்த மொச்சை, அம்மா போட்ட மோர்மிளகாய். மேசைமேல் எடுத்து வைத்து "எடுத்துக்கோங்க" என்று சொல்ல முடியாதவை. ஊறவைக்க வேண்டும், உலை வைக்க வேண்டும், குழம்பு வேண்டும், உட்கார்ந்து சாப்பிட ஒரு வேளை வேண்டும். எங்கள் ஊர் உணவு அப்படிப்பட்டது.

பண்டத்தின் ஊர்ப் பெயரை யார் வைக்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். என்னிடம் கேட்கப்பட்ட அந்த மங்களூர் போண்டாவையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகத்து மங்களூரில் அதற்குப் பெயர் கோளி பஜே. அந்த ஊர்க்காரர் தன் வீட்டில் அதைத் தின்னும்போது ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வதில்லை. மங்களூரைச் சேர்த்தது நம்மூர் டீக்கடைகள். இங்கிலாந்தின் கறிக் கடைகளில் 'மெட்ராஸ் கறி' என்று ஒன்று காரத்துக்குப் பேர்போனது; மெட்ராஸில் எந்த வீட்டிலும் அந்தப் பெயரில் குழம்பு வைத்ததில்லை. ஊர்ப் பெயர் தாங்கிய பண்டம் என்றால் வெளியூர்க்காரர் அதைக் கூப்பிட ஆரம்பித்தார் என்று பொருள். வெளியூர்க்காரர் வராத ஊரில் பெயர் எங்கிருந்து வரும்?

எங்கள் வட்டாரத்தில் அவர்கள் வராமலும் இல்லை, வந்து கடந்துபோகிறார்கள். சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் நான்குவழிச் சாலை வேப்பூர், தொழுதூர், இராமநத்தம் வழியாக எங்கள் நிலத்தை அறுத்துக்கொண்டுதான் போகிறது. அந்த நெடுஞ்சாலை நெடுகப் பயணிகளுக்காக வைத்த கடைகளில் என்ன எழுதியிருக்கிறது? கும்பகோணம் டிகிரி காபி. கும்பகோணம் அந்தச் சாலையிலேயே இல்லை. அந்த ஊரில் காப்பிச் செடியும் விளைவதில்லை. சாலையோரம் இருப்பது எங்கள் சோளக் கொல்லை, பலகையில் இருப்பது இன்னோர் ஊர். ஊரும் பண்டமும் மண்ணால் கட்டுண்டவை என்று நம்புகிறவர்கள் அந்தப் பித்தளை டம்ளருக்கு முன் நின்று எனக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

சட்டம் இருக்கிறதே, புவிசார் குறியீடு கொடுக்கிறார்களே என்பது அடுத்த வாதம். 1999-ல் இயற்றப்பட்டு 2003 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. பதிவகம் சென்னையில்தான் இருக்கிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-லும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லும், மணப்பாறை முறுக்குக்கு 2023-லும் கிடைத்தது. ஒரு பொருளின் தரமோ பேரோ அது வரும் இடத்தோடு சேர்ந்தது என்று காட்டினால் சட்டம் அதை ஏற்கிறது. கவனியுங்கள், பேர் இருந்தாலும் போதும். ஏற்கெனவே சந்தையில் பேர் உள்ளதைப் போலிகளிடமிருந்து காப்பாற்றும் வேலை அது. அந்த வேலை நல்ல வேலை. கோவில்பட்டியில் சிறு பட்டறை வைத்திருப்பவருக்கு அதனால் நாலு காசு கூடக் கிடைத்தால் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சான்றிதழைப் பழமைக்கும் மண்வாசனைக்கும் அத்தாட்சியாகப் படிப்பது தவறு. ரசகுல்லாவுக்காக வங்காளமும் ஒடிசாவும் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? 2017-ல் வங்காளத்து ரசகுல்லாவுக்கும் 2019-ல் ஒடிசா ரசகோலாவுக்கும் தனித்தனியாகக் குறியீடு கொடுத்தார்கள். எது முதலில் பிறந்தது என்று தீர்ப்புச் சொல்லும் இடம் அது இல்லை.

மண்ணுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பழனி மலையின் விருப்பாச்சி வாழைப்பழம் மலையோடு சேர்ந்தது. அதற்குத் தனியாகவே குறியீடு உண்டு. எங்கள் மாவட்டத்துப் பலாவும் அப்படித்தான். விளைபொருளுக்கு மண் உண்டு. ஆனால் அதிலும் பெயர் யாருக்குப் போகிறது? பண்ருட்டி முந்திரி என்கிறோம். விருத்தாசலம் வட்டத்துச் செம்மண் கொல்லைகளில் எத்தனை முந்திரித் தோப்புகள்! விருத்தாசலத்து வேளாண் ஆராய்ச்சி நிலையம் முந்திரிக்கும் நிலக்கடலைக்கும் வெளியிட்ட ரகங்கள் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் உழவர்களிடம் புழங்குகின்றன. இருந்தும் தட்டில் விழும் முந்திரிக்குப் பெயர் சந்தை இருக்கும் ஊரின் பெயர்தான்.

நாமக்கல்லை முட்டை நகரம் என்கிறோம். அந்தக் கோழிகள் எதைத் தின்று முட்டையிடுகின்றன? மங்களூர், நல்லூர் ஒன்றியங்களிலும் பெரம்பலூர் பக்கத்திலும் மானாவாரியாக விளையும் மக்காச்சோளம் லாரி லாரியாகத் தீவனத்துக்குப் போகிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து பயிரைத் தின்றபோது எங்கள் ஆட்கள் கொல்லை வரப்பில் உட்கார்ந்து அழுதார்கள். அந்தக் கண்ணீருக்கும் நாமக்கல் முட்டைக்கும் உள்ள உறவை எந்த உணவு நிகழ்ச்சியும் காட்டியதில்லை. பேர் பெற்ற ஒவ்வோர் ஊருக்கும் பின்னால் பேரில்லாத பல ஊர்கள் மூட்டை சுமந்து நிற்கின்றன.

சரி, எங்கள் ஊரில் என்னதான் உண்டு? இதைச் சொல்லாவிட்டால் மறுப்பு பாதியில் நின்றுவிடும்.

வரகு உண்டு. ஆடியில் மழை விழுந்ததும் விதைப்பார்கள், ஊடே துவரையும் மொச்சையும் ஆமணக்கும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் வளரும். ஆனால் அறுத்துக் கொண்டுவந்த பின்தான் அதன் கடுமை தெரியும். ஒரு தானியத்துக்கு அத்தனை மேலுறை. திருகையில் இட்டுச் சுற்றி, முறத்தில் புடைத்து, உரலில் குத்தி, திரும்பவும் புடைத்து, கடைசியில் கைக்கு வருவது கொஞ்சம். என் பாட்டி அரைநாள் குத்தினால்தான் வீட்டுக்கு இரவுச் சோறு. அறுப்பு நேரத்தில் மழையில் நனைந்த வரகைத் தின்றால் தலை சுற்றும், மயக்கம் வரும் என்று பெண்களுக்குத் தெரியும்; எதைச் சமைக்கலாம், எதை இன்னும் போட்டுவைக்க வேண்டும் என்று பார்த்தே சொல்வார்கள். 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காட்டில் பூஞ்சை பிடித்த வரகுப் பயிரை மேய்ந்து 10 யானைகள் செத்துப்போயின. அந்தச் செய்தி வந்த அன்று எனக்குப் பாட்டி நினைவுதான் வந்தது. யானையைக் கொல்லும் தானியத்தைக் குழந்தைக்கு ஊட்டும் சோறாக்கத் தெரிந்தவள் அவள். அந்தக் கைப்பக்குவத்துக்குப் பக்கத்தில் வைக்க எந்தப் பண்டத்தின் கைப்பக்குவம் இருக்கிறது, சொல்லுங்கள்.

மண்ணோடு சேர்ந்த பழமை வேண்டும் என்றால் அதுவும் இங்கே இருக்கிறது. புறநானூற்றின் 335-ஆம் பாட்டில் மாங்குடி கிழார், இவற்றைத் தவிர வேறு உணவு இல்லை என்று நான்கைச் சொல்கிறார்: வரகு, தினை, கொள்ளு, அவரை. எங்கள் புன்செய்க் கொல்லையைப் பார்த்துச் சொன்னதுபோல இருக்கிறது. வரகரிசிச் சோறும் மொச்சைக் குழம்பும், கொள்ளு ரசமும், கம்மங்கூழும், மழை விட்டதும் கொல்லையில் பறிக்கும் பண்ணைக்கீரையும், வெலிங்டன் ஏரியில் பிடித்த கெண்டையும். இதில் எதற்கும் 'மங்களூர்' என்ற முன்னொட்டு கிடையாது, ஏனென்றால் சமைத்தவர்களும் சாப்பிட்டவர்களும் ஒரே ஆட்கள். தன் வீட்டுக் குழம்பை ஊர்ப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. விருத்தாசலத்துக்கு அருகே மணக்கொல்லையில் பிறந்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதி என்று ஒன்றைத் தொகுத்திருக்கிறார். எங்கள் பக்கத்துப் பேச்சை இப்படி ஒரு மனிதர் உட்கார்ந்து சொல் சொல்லாகச் சேகரித்தார் என்பதை நான் எந்த விருதுக்கும் மேலாக மதிக்கிறேன். உணவுக்கும் அப்படிப்பட்ட வேலைதான் தேவை. சுவரொட்டியில் போட ஒரு பண்டத்தைத் தேடும் வேலை அல்ல.

ஓர் ஊருக்கு ஓர் உணவு என்ற கருத்தின் மிக மோசமான பொய்க்கு இப்போது வருகிறேன். ஊர் ஒன்றாகச் சாப்பிட்டதே இல்லை. ஊரும் காலனியும் வேறு வேறு அடுப்பு. எங்கள் வட்டாரத்து எழுத்தாளர் இமையத்தின், 1994-ல் வெளிவந்த 'கோவேறு கழுதைகள்' நாவலில் ஆரோக்கியம் என்ற வண்ணாத்தி வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறாள். நாள் முழுக்கக் காலனியின் அழுக்கை வெளுத்துவிட்டு அந்தச் சோற்றுக்காக வாசலில் நிற்கிறாள். அவளுடைய பாத்திரத்தில் பல வீட்டுச் சோறும் பல வீட்டுக் குழம்பும் கலந்து விழும். அது எந்த ஊரின் சிறப்பு உணவு? சேரியில் உப்புக்கண்டம் போட்டுக் காயவைத்த மாட்டுக்கறியை எந்த ஊர்ப் பண்டப் பட்டியலில் சேர்ப்பார்கள்? பட்டியல் போடுகிறவர்கள் ஊருக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது மற்றவர்களின் அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். எங்கள் ஊருக்கு ஒரு பண்டம் வேண்டும் என்று யாராவது என்னிடம் வந்து கேட்டால் முதலில் நான் கேட்பது, எந்தத் தெருவின் பண்டம் என்பதுதான்.

"பேர் இருந்தால் பிழைப்பு கிடைக்கும், உங்களுக்கும் ஒன்று இருக்கட்டுமே" என்று நல்ல மனதோடு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானின் ஒய்த்தா மாகாணத்தில் 1979-ல் ஆளுநர் ஹிரமாட்சு 'ஒரு கிராமம் ஒரு பொருள்' என்று தொடங்கியதை முன்மாதிரியாகக் காட்டுவார்கள். 2020-ல் நம் ஒன்றிய அரசு குறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்காகக் கொண்டுவந்த திட்டமும் மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்ற வழியைத்தான் எடுத்தது. ஒய்த்தாவுக்கு முன்னோடி ஒயாமா என்ற சிற்றூர். 1961-லேயே அந்த ஊர் உழவர்கள் நெல்லை விட்டுவிட்டுப் பிளம்மும் கஷ்கொட்டையும் நட்டார்கள். தங்கள் நிலத்தைப் பார்த்து, சந்தையைப் பார்த்து, அவர்களே எடுத்த முடிவு. மரபு என்று பொய் சொல்லவில்லை. எங்கள் விருத்தாசலமும் அப்படித்தான் பீங்கானுக்குப் பேர் பெற்றது. அரசு தொழிற்பேட்டை வைத்தது, தொழில் கற்றுத்தர ஒரு பயிலகம் வைத்தது, அகல்விளக்கும் கொலு பொம்மையும் பியூஸ் கேரியரும் சூளையிலிருந்து வந்தன. பீங்கான் எங்கள் முப்பாட்டன் சொத்து என்று எந்தத் தொழிலாளியும் சொல்வதில்லை. அதனால் அவர் கைவேலையின் மதிப்பு குறைந்தா போயிற்று? பிழைப்புக்காக ஒரு பொருளை உருவாக்கி விற்பதில் எனக்கு மறுப்பு இல்லை. அதை அடையாளம் என்று பூசி, இல்லாத ஊரை ஏழை என்று சொல்வதைத்தான் மறுக்கிறேன்.

அதுபோக, எங்கள் உணவு எப்படித் தேய்ந்தது என்ற உண்மையையும் பண்டப் பேச்சு மூடிவிடுகிறது. 2011 முதல் ரேஷன் அரிசி இலவசம். அதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அந்த அரிசி வந்த பிறகுதான் எங்கள் தெருவில் உலை கொதிக்காத வீடு இல்லாமல் ஆனது, உரலோடு மாரடித்த பெண்களின் தோளுக்கு ஓய்வு வந்தது. ஆனால் அதே காலத்தில் வரகுக்கு விலை இல்லை, மக்காச்சோளத்துக்கு விலை இருந்தது. கொல்லை மாறிற்று. 2023-ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தபோது நகரத்துக் கடைகளில் வரகு பிஸ்கட் வந்தது, பளபளப்பான பையில் வரகரிசி வந்தது. மங்களூர்க் கொல்லையில் வரகு விதைக்க நினைப்பவர் அந்த ஆண்டும் கேட்டது பழைய கேள்வியைத்தான்: உமி நீக்கப் பக்கத்தில் மெஷின் எங்கே இருக்கிறது, அறுத்தால் யார் எடுப்பார்கள்?

சென்ற தையில் ஊருக்குப் போயிருந்தேன். அம்மா இந்த முறை வரகு கொடுக்கவில்லை. இரண்டு மூட்டை திண்ணை மூலையில் இருந்தது, உமியோடு. "குத்த ஆளில்லப்பா, எனக்கும் தோள் தூக்கல. அரைக்கிற எடம் பாத்துக்கிட்டு வா, எடுத்துக்கிட்டுப் போலாம்" என்றார். மோர்மிளகாய் மட்டும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அலுவலகத்தில் வழக்கமான மேசை, வழக்கமான கேள்வி. டப்பாவைத் திறந்து வைத்தேன். "இது உங்க ஊர் ஸ்பெஷலா?" என்று ஒருவர் கேட்டார். "இல்லை, எங்க அம்மா போட்டது" என்றேன். மதியம் தயிர்சோற்றுக்கு எண்ணெயில் பொரித்து எடுத்துவர வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு அலுவலகத்தில் அடுப்பு இல்லை.